தமிழ் தெரிந்தவருக்குக் கொரிய மொழி பாதி தூரம்தான்!

சீரியல் பார்த்து ஆசைப்பட்டவர்கள், கம்பெனியில் சம்பளம் கூடும் என்று வருகிறவர்கள், தேர்வெழுதிக் கடல் தாண்டக் காத்திருப்பவர்கள்... ஒரு எழுத்துகூடத் தெரியாமல் கொரிய மொழிக்குள் நுழைகிறவர்கள் எங்கே ஓடுகிறார்கள், எங்கே மூச்சு வாங்குகிறார்கள்?

சென்னை – பெங்களூரு நெடுஞ்சாலையில் ஸ்ரீபெரும்புதூரை நெருங்கும்போது கடைப் பலகைகளைக் கவனித்திருக்கிறீர்களா? தமிழுக்கும் ஆங்கிலத்துக்கும் பக்கத்தில் வட்டமும் கட்டமும் கோடுமாக இன்னொரு எழுத்து தென்படும். கொரியர்களை நம்பியே நடக்கும் உணவகங்களும் விடுதிகளும் அவை. 1996-ல் ஹூண்டாய் நிறுவனம் இருங்காட்டுக்கோட்டைக்கு வந்து, 1998-ல் முதல் சான்ட்ரோ காரை வெளியே விட்டதிலிருந்து தொடங்கிய கதை இது. பின்னாலேயே உதிரிபாகக் கம்பெனிகள் வந்தன, சாம்சங் வந்தது, மேலாளர்களும் பொறியாளர்களும் குடும்பத்தோடு வந்தார்கள். கூடவே மொழிபெயர்ப்பாளர் என்ற புது வேலையும் இந்த வட்டாரத்துக்கு வந்தது.

அடுத்த அலை செல்போன் வழியாக அடித்தது. பி.டி.எஸ். பாடல்கள், 2020-ல் ஆஸ்கர் வாங்கிய 'பாரசைட்', 2021-ல் உலகையே உட்கார வைத்த 'ஸ்க்விட் கேம்', தமிழ் பேசும் கொரிய சீரியல்கள் என்று வீட்டுக்கு ஒரு ரசிகர் உருவாகிவிட்டார். 2024-ல் ஹான் காங் இலக்கிய நோபல் பெற்றபோது தீவிர வாசகர்களும் அந்தப் பக்கம் திரும்பினார்கள். இலங்கையில் காரணமே வேறு. 2004-ல் தென்கொரியா தொடங்கிய வேலை அனுமதித் திட்டத்தில் இலங்கையும் இடம்பெற்றிருப்பதால், அங்கே கொரிய மொழித் தேர்வு என்பது ஒரு குடும்பத்தின் கடனை அடைக்கும் வழி. அந்தத் திட்டத்தில் இந்தியா இல்லை.

காரணம் எதுவாக இருந்தாலும் எல்லோரும் போகிற பாதை ஒன்றுதான். ஆங்கிலத்தில் எழுதிய பாடநூல், ஆங்கிலத்தில் விளக்கும் காணொளி, ஆங்கில எழுத்தில் உச்சரிப்பு. சிக்கலே இங்கேதான். அமெரிக்க வெளியுறவுத் துறையின் மொழிப் பயிற்சி நிலையம், ஆங்கிலம் பேசுகிறவர்களுக்கு மிகக் கடினமான மொழிகளின் வரிசையில் அரபு, சீனம், ஜப்பானிய மொழிகளோடு கொரிய மொழியையும் வைத்திருக்கிறது. வேலை பார்க்கும் அளவுக்குத் தேற 2,200 வகுப்பு மணி நேரம் தேவை என்கிறது. ஸ்பானிஷ் மொழிக்கு அதில் மூன்றில் ஒரு பங்கு போதும். இந்தக் கணக்கைப் பார்த்து நம்மவர்களும் பயப்படுகிறார்கள். ஆனால் இது ஆங்கிலத்திலேயே சிந்திக்கிறவர்களுக்குப் போட்ட கணக்கு. தமிழில் சிந்திக்கிறவர் புறப்படும் இடமே வேறு.

ஒரு வாரத்தில் எழுத்து

கொரிய எழுத்தின் பெயர் ஹங்குல். 1443-ல் சேஜோங் மன்னர் உருவாக்கி, 1446-ல் நாட்டுக்கு அறிவித்தது. அதுவரை படித்தவர்கள் சீன எழுத்தில் எழுதினார்கள். ஆயிரக்கணக்கான வடிவங்களை மனப்பாடம் செய்ய நேரமில்லாத உழவருக்கும் பெண்களுக்கும் எழுத்தே எட்டாக்கனி. மன்னரின் முயற்சியை அரண்மனை அறிஞர்களே எதிர்த்தார்கள். 1444-ல் சோ மல்லி என்பவர் தலைமையில் மனுக் கொடுத்தார்கள். அரசு ஆவணங்களில் ஹங்குல் ஏற 1894 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இன்று தென்கொரியாவில் அக்டோபர் 9 எழுத்துக்காகவே ஒரு விடுமுறை நாள்.

இந்த எழுத்து எப்படி உருவானது என்பதற்கு அன்றே விளக்க நூல் எழுதிவிட்டார்கள். பல காலம் கண்ணில் படாமல் இருந்த அந்த நூல் 1940-ல் கிடைத்தது. தொல்காப்பியர் பிறப்பியலில் நாக்கு எங்கே தொடுகிறது, உதடு எப்படிக் குவிகிறது என்று சொற்களால் விளக்கினார் அல்லவா? அதையேதான் கொரியாவில் கோடாக வரைந்திருக்கிறார்கள். 'ந' ஒலிக்கான எழுத்து, நுனி நாக்கு மேலே எழும்பி நிற்கும் வடிவம். 'ம' என்பது வாயைக் குறிக்கும் சதுரம். தொண்டைக்கு ஒரு வட்டம். மூச்சுக்காற்று கூடினால் அதே எழுத்தில் ஒரு கோடு கூடும். உயிரெழுத்துகளுக்கு வானத்தைக் குறிக்கும் புள்ளி, பூமியைக் குறிக்கும் படுக்கைக் கோடு, மனிதனைக் குறிக்கும் நெட்டைக் கோடு ஆகிய மூன்றே மூலங்கள்.

அடிப்படை மெய் 14, உயிர் 10. ஆக 24 வடிவங்கள் கைக்கு வந்தால் மீதி எல்லாம் இவற்றின் கூட்டு. மெய்யையும் உயிரையும் சேர்த்து ஒரே கட்டத்துக்குள் எழுத வேண்டும் என்றதும் ஆங்கிலம் மட்டும் அறிந்தவர் திகைப்பார். உயிர்மெய்யில் வளர்ந்த நமக்கு அது சொல்லித் தர வேண்டாத சங்கதி. கண்ணுக்குத் தெரிந்த முகங்கள்கூட உண்டு. நம் 'ப'வின் நடுவில் ஒரு குறுக்குக்கோடு போட்டால் கொரிய 'ப', ஒலியும் அதேதான். ஆனால் உஷார்: அச்சு அசல் நம் 'ட' மாதிரியே நிற்கும் எழுத்துதான் அங்கே 'ந'!

ஒலியிலும் நமக்குக் கை கொடுக்கும் விஷயங்கள் இருக்கின்றன. 'கடல்' என்பதில் வரும் 'க' வேறு, 'அகம்' என்பதில் வரும் 'க' வேறு, எழுத்து ஒன்றுதான். கொரிய மொழியிலும் அப்படியே. சொல்லின் முதலில் வன்மை, இரண்டு உயிருக்கு நடுவில் மென்மை. அடுத்து, ஆங்கிலப் பாடநூல்கள் பக்கம் பக்கமாக விளக்கியும் புரியவைக்க முடியாத ஓர் உயிரொலி உண்டு: உதட்டைக் குவிக்காமல் சொல்லும் 'உ'. 'பாட்டு', 'காது', 'ஆறு' என்று சொல்லும்போது கடைசியில் நம் வாயில் வருவது அதுதான். குற்றியலுகரம் என்று பள்ளியிலேயே படித்துவிட்டோம்.

நேற்று வந்த ஆள்

எழுத்தைத் தாண்டினால் வாக்கியம். 'நான் பள்ளிக்குப் போகிறேன்' என்பதற்கு 'ஜோனுன் ஹக்யோஎ காயோ'. 'ஜோ' நான், 'ஹக்யோ' பள்ளி, 'எ' நமது 'கு', 'காயோ' போகிறேன். வினைச்சொல் கடைசியில். வேற்றுமை உருபு பெயருக்குப் பின்னால். 'நேற்று வந்த ஆள்' என்பதற்கு 'ஒஜே ஓன் சாராம்'. ஒஜே நேற்று, ஓன் வந்த, சாராம் ஆள். பெயரெச்சம் பெயருக்கு முன்னால் நிற்கிறது. இதை ஆங்கிலத்தில் சொல்லப் போனால் வாக்கியத்தையே தலைகீழாகப் புரட்டி, நடுவில் ஒரு சொல்லைச் செருக வேண்டும். கொரிய மொழியைத் தமிழிலிருந்து கற்கிறவர் எதையும் புரட்ட வேண்டியதில்லை.

அதைவிட வியப்பு துணைவினைகளில் இருக்கிறது. விருந்தாளிக்குத் தட்டில் பலகாரம் வைத்து 'சாப்பிட்டுப் பாருங்க' என்கிறோம். நாக்கால் அறிகிற ருசிக்குக் கண்ணால் 'பார்' என்கிற வினை ஏன்? இந்தக் கேள்வி ஆங்கிலேயருக்கு வரும், கொரியருக்கு வராது. அவர்களும் 'மொகோ போசேயோ' என்கிறார்கள். 'மொக்' சாப்பிடு, 'போ' பார். 'செய்து கொடுங்கள்' என்று உதவி கேட்க, செய் என்பதோடு கொடு சேர்த்து 'ஹே ஜூசேயோ'. 'வாங்கி வை' என்பதற்கு வாங்கு என்பதோடு வை சேர்த்து 'சா துதா'. 'சாப்பிட்டுக்கிட்டு இருக்கேன்' என்பதிலும் 'இரு' என்கிற வினையேதான் நிற்கிறது. மறந்துவிட்டேன் என்பதைக் கொங்கு வழக்கில் 'மறந்துபோட்டேன்' என்பார்கள். கொரிய மொழியிலும் மறப்பதோடு ஒட்டுவது 'போரிதா', அதாவது தூக்கிப் போடு!

'என்னிடம் பணம் இருக்கு' என்று நாம் சொல்வதுபோலவே, பணம் இருப்பதாகத்தான் கொரியரும் சொல்வார். ஆங்கிலத்தின் உடைமை வினை அவர்களுக்கும் கிடையாது. பணம் இல்லையா? 'இல்லை' என்ற ஒற்றைச் சொல்லுக்கு ஒற்றைச் சொல்லாகவே 'ஒப்சோயோ'. 'இது என் பை அல்ல' என்பதில் வரும் 'அல்ல' வேறு சொல், அதற்கு 'அனியேயோ'. இல்லைக்கும் அல்லவுக்கும் நடுவே நாம் பேச்சில் அழித்துவிட்ட கோட்டைக் கொரியர்கள் பத்திரமாக வைத்திருக்கிறார்கள்.

இரட்டைக்கிளவியும் உண்டு. நட்சத்திரம் 'பஞ்சக் பஞ்சக்' என்று மினுக்கும், அடுப்பில் குழம்பு 'போகுல் போகுல்' என்று கொதிக்கும், காதலியைக் கண்டால் நெஞ்சு 'துகுன் துகுன்' என்று அடிக்கும். தொழிற்சாலைக்குள் முதல் நாளே காதில் விழுவது 'பல்லி பல்லி'. சுவரில் இருக்கும் பல்லியைப் பற்றியல்ல, 'சீக்கிரம் சீக்கிரம்' என்று அர்த்தம்.

ஒரு விஷயத்தில் கொரிய மொழி தமிழைவிட எளிது. போகிறேன், போகிறாய், போகிறான், போகிறாள், போகிறார்கள் என்று நாம் வினைக்கு வினை மாற்றும் விகுதிகள் அங்கே இல்லை. எல்லோருக்கும் ஒரே 'காயோ'. அஃறிணை, உயர்திணை, ஆண்பால், பெண்பால் தொல்லையும் கிடையாது.

அப்படியானால் உறவுக்காரர்களா?

'கொரிய மொழியில் தமிழ்ச் சொற்கள்' என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் பட்டியலைப் பார்க்காதவர் இருக்க முடியாது. அங்கே அப்பா 'அப்பா', அம்மா 'ஒம்மா', புல் 'புல்'. இந்த எண்ணத்துக்கு நூறாண்டுக்கு மேல் வயதாகிறது. கொரியாவில் பணியாற்றிய அமெரிக்கர் ஹோமர் ஹல்பர்ட் 1905-லேயே கொரிய மொழியையும் திராவிட மொழிகளையும் ஒப்பிட்டு இலக்கணம் எழுதினார்.

மொழியியலாளர்கள் இதை ஏற்கவில்லை. குழந்தை வாயில் முதலில் புரளும் ப, ம ஒலிகளால் அம்மா அப்பாவை அழைப்பது உலகில் எத்தனையோ மொழிகளில் உண்டு. உறவு என்று நிறுவ, ஒலி மாற்றங்கள் வரிசையாக, ஒழுங்காகப் பொருந்த வேண்டும், அப்படிப் பொருந்தவில்லை. வினை கடைசியில் வருவதும் ஒட்டுகள் பின்னால் சேர்வதும் ஜப்பானிய, மங்கோலிய, துருக்கி மொழிகளுக்கும் பொது. அயுத்தா நாட்டிலிருந்து கடல் வழியே போய் கொரிய அரசியான பெண்ணின் கதை 13-ம் நூற்றாண்டு நூல் ஒன்றில் இருக்கிறது. அந்த அயுத்தா எது என்று அயோத்திக்கும் குமரிக்கும் நடுவே வழக்கு இன்னும் ஓடுகிறது. அதை வைத்து மொழியுறவை நிறுவ முடியாது. படிக்கிறவருக்கு இதனால் நஷ்டமும் இல்லை. இரண்டு மொழிகளும் உறவினராக இல்லாமலே ஒரே மாதிரி யோசிக்கின்றன. அந்த ஒற்றுமை போதும்.

மூச்சு வாங்கும் இடங்கள்

இனி மறுபாதி. இங்கே தமிழ் கை கொடுக்காது. சில இடங்களில் காலை வாரும்.

முதல் இடறல், மூன்று வகை வல்லினம். 'புல்' என்று சாதாரணமாகச் சொன்னால் நெருப்பு. மூச்சைத் தள்ளிச் சொன்னால் புல். தொண்டையை இறுக்கிச் சொன்னால் கொம்பு. இறுக்கிச் சொல்வது நம் 'பக்கம்', 'பட்டு' என்பவற்றின் இரட்டிப்பு ஒலிக்குக் கிட்டத்தில் இருப்பதால் பிடிபட்டுவிடும். மூச்சைத் தள்ளும் ஒலி தமிழில் இல்லாததால் அதற்குத்தான் பயிற்சி வேண்டும். உள்ளங்கையை வாய்க்கு முன்னால் வைத்துச் சொல்லிப் பார்த்தால் காற்று படுகிறதா இல்லையா என்று தெரிந்துவிடும்.

இரண்டாவது, எழுதுவது ஒன்று படிப்பது ஒன்று. 'ஹப்-நிதா' என்று எழுதியிருக்கும். 'ஹம்நிதா' என்று படிக்க வேண்டும். 'ஹங்குக்-மல்' என்பது 'ஹங்குங்மல்' ஆகும். மெல்லினம் பக்கத்தில் வந்தால் முன்னால் இருப்பது மெல்லினமாகத் திரிகிறது. கல்லும் நெஞ்சமும் சேர்ந்தால் 'கன்னெஞ்சம்' ஆவதுபோல இதுவும் புணர்ச்சிதான். நாம் திரிந்ததைத் திரிந்தபடியே எழுதிவிடுகிறோம். அவர்கள் எழுத்தில் பழையதை வைத்துக்கொண்டு வாயில் மட்டும் மாற்றுகிறார்கள். எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்தும் சீரியலில் பேசுவது காதில் ஏறாததற்கு இதுதான் காரணம்.

மூன்றாவது, எண்கள். இரண்டு வரிசை மனப்பாடமாக வேண்டும். சொந்த எண்கள்: ஹானா, துல், செத். சீனத்திலிருந்து வந்தவை: இல், இ, சாம். மணிக்குச் சொந்த எண், நிமிடத்துக்குச் சீன எண். மூன்றரை மணி என்றால் 'செ சி சாம்சிப் பூன்'. ஒரே நேரத்தைச் சொல்ல இரண்டு வரிசையும் தேவை. காசுக்குச் சீன எண். அதிலும் பத்தாயிரம்தான் அலகு, பெயர் 'மான்'. லட்சம் என்றால் பத்து மான், கோடி என்றால் ஆயிரம் மான். மாதச் சம்பளம் 'சாம்பேக் மான் வோன்' என்றால் முந்நூறு மான், அதாவது முப்பது லட்சம் வோன். ரூபாய்க்கு மாற்றுவதற்கு முன்னால் துள்ளிக் குதிக்க வேண்டாம்.

நான்காவது, சொற்கள். இலக்கணம் பழகியது என்றாலும் சொற்கள் எல்லாமே புதிது. ஆங்கிலக் கடன்சொற்கள் கொஞ்சம் உதவும். 'எஃப்' ஒலி அங்கேயும் இல்லாததால் காப்பி 'கொபி' ஆகிவிட்டது. அகராதியில் பாதிக்கு மேல் சீன வேர். அந்த வேர்களைப் பிடித்தால் சுமை குறையும். 'ஹக்' என்றால் கல்வி. ஹக்யோ பள்ளி, ஹக்சேங் மாணவர், தேஹக் கல்லூரி, க்வாஹக் அறிவியல். 'சாம்' மூன்று என்று தெரிந்தால் சாம்சங் என்பது மூன்று நட்சத்திரம் என்பதும் விளங்கும். தனித்தனியாக நெட்டுருப் போடுகிறவர்கள்தான் மூன்றாம் மாதத்தில் வகுப்பை விட்டு நிற்கிறார்கள்.

கடைசியாக, மரியாதை. நீ, நீங்கள் என்று இரண்டு படி ஏறி இறங்கும் நமக்கு இது தெரிந்த விஷயமாகத் தோன்றும். ஆனால் அங்கே 'நீங்கள்' என்ற சொல்லையே தவிர்ப்பார்கள். அலுவலகத்தில் பதவிப் பெயரோடு 'நிம்' சேர்த்து 'க்வாஜங்நிம்', 'பூஜங்நிம்'. சாப்பாட்டுக்கடையில் பரிமாறும் அம்மாவை 'இமோ', அதாவது சித்தி என்று கூப்பிடுவது, டீக்கடையில் நாம் 'அண்ணே' போடுவதற்குச் சமம். பெண் தன் அண்ணனை 'ஒப்பா' என்பாள். ஆண் தன் அண்ணனை 'ஹ்யோங்' என்பான். சீரியல் கதாநாயகியிடம் மொழி கற்ற பையன்கள் அண்ணனை 'ஒப்பா' என்று அழைத்துச் சிரிப்புக்கு ஆளாவது வாடிக்கை. அதைவிட ஆபத்து, காதலர்கள் பேசும் ஒருமைப் பேச்சை அப்படியே மேலதிகாரியிடம் பேசுவது. பழகியதும் வயதைக் கேட்பது அங்கே வம்பில்லை. எந்தப் படியில் நின்று பேசுவது என்று முடிவுசெய்யத்தான். ஆனால் 'சாப்பிட்டீர்களா?' என்று நலம் விசாரிக்கும் பழக்கம் அவர்களுக்கும் இருப்பதால், அந்த ஒரு கேள்வியில் எந்தத் தமிழரும் தடுமாற மாட்டார்.

எங்கே தொடங்கலாம்?

• சென்னையில் 2006 முதல் இயங்கும் இன்கோ மையம் கொரிய மொழி வகுப்புகள் நடத்துகிறது. வெளியூர்க்காரர்களுக்குக் கொரிய அரசு ஆதரவில் இயங்கும் சேஜோங் கல்வி நிலைய அறக்கட்டளையின் இணையப் பாடங்கள் இலவசம்.

• முதல் வாரம் எழுத்துக்கு மட்டும். அதற்குப் பிறகு ஆங்கில எழுத்தில் உச்சரிப்பு எழுதிவைப்பதை நிறுத்திவிட வேண்டும்.

• அடுத்து, அன்றாட வினைகள் கொஞ்சம் எடுத்துக்கொண்டு ஒவ்வொன்றோடும் பார், கொடு, வை, இரு, போடு சேர்த்துப் பேசிப் பழகலாம். ஒன்று கற்றால் ஐந்து கிடைக்கும்.

• சீரியல் காதுக்கு நல்லது. வாய்க்கு வகுப்பில் தரும் 'யோ' முடிவே பாதுகாப்பு.

• இலக்கு வேண்டுமென்றால் 'டோபிக்' தேர்வு. 1997-ல் தொடங்கியது. முதல் தாளில் கேட்டலும் வாசித்தலும் மட்டும். 200-க்கு 80 எடுத்தால் முதல் நிலை, 140 எடுத்தால் இரண்டாம் நிலை. முதல் நிலைக்குச் சுமார் 800 சொற்கள் போதும். மூன்று முதல் ஆறு வரையான நிலைகளுக்கு இரண்டாம் தாள். அதில் கட்டுரையும் எழுத வேண்டும். மதிப்பெண் இரண்டு ஆண்டுகளே செல்லும் என்பதால், தேவைப்படும் நேரம் பார்த்து எழுதுங்கள்.

இல்லாத புத்தகம்

2020-ன் தேசியக் கல்விக் கொள்கை, பள்ளிகளில் கற்பிக்கலாம் என்று பரிந்துரைக்கும் அயல்மொழிகளில் கொரிய மொழியையும் சேர்த்திருக்கிறது. தென்கொரியாவின் தேசிய மொழி நிறுவனம் கற்போருக்கென்று வைத்திருக்கும் இணைய அகராதி வியட்நாம், தாய், மங்கோலிய, இந்தோனேசிய மொழிகளில் பொருள் தருகிறது. தமிழில் தருவதில்லை. கொரியாவிலிருந்து ஆலை வந்து கால் நூற்றாண்டு தாண்டிய ஒரு மாநிலத்தில், 'செய்து பார்', 'செய்து கொடு', 'வாங்கி வை' என்று முதல் பாடத்தைத் தொடங்கும் பாடநூல்தான் வகுப்பில் இருந்திருக்க வேண்டும். அதற்குப் பதிலாக, தமிழ்ப் பிள்ளைகள் தமக்குத் தெரிந்த வாக்கியத்தை ஆங்கிலத்தில் புரட்டி, அங்கிருந்து கொரிய மொழிக்கு இன்னொரு முறை புரட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

அந்தப் பாடநூலை எழுதும் தகுதி உள்ளவர்கள் ஏற்கெனவே இங்கே இருக்கிறார்கள். ஸ்ரீபெரும்புதூர் ஆலைகளில் ஆண்டுக்கணக்காக இரண்டு மொழிகளுக்கும் நடுவே நின்று பேசிக்கொண்டிருக்கும் மொழிபெயர்ப்பாளர்கள்தான் அவர்கள். எந்த வாக்கியம் அப்படியே கடந்து போகிறது, எது சிக்கிக்கொள்கிறது என்பது அவர்கள் நாக்குக்குத் தெரியும். அவர்களையும் இலக்கணம் அறிந்த தமிழாசிரியர்களையும் ஒரே மேசையில் உட்கார வைக்கிற வேலையை ஏதாவது ஒரு பல்கலைக்கழகம் எடுத்துக்கொண்டால், அடுத்து வருகிற மாணவருக்கு மூன்றாம் மாதத்தில் வகுப்பை விட்டு நிற்க ஒரு காரணம் குறையும்.